ஒற்றைத் தோட்டா ரைபிளும் கைநிரப்பின் சூக்ஷ்மமும்

ஒருமுறைக்கு ஒரே தோட்டாவை ஏற்று, அதைச் சுட்டபின் வெறுங்கூட்டை அகற்றி மற்றொன்றைக் கையால் இட்டாலன்றி மறுபடியும் சுட இயலாத ரைபிளை, வேகத்தையே பெரிதாக மதிப்பவர்கள் பழம்பொருட்காட்சிக்கு உரியதென்று ஒதுக்கிவிடக் கூடும். ஆயினும், குறி தவறாமை என்ற ஒரே குணத்தை நாடிச் செய்யப்பட்ட பரிசோதனைகளில் மிகச் சிறந்தவை பல இந்த வகை ரைபிளைக் கொண்டே நடந்தன என்பதும், அவற்றைச் செய்தோர் ஏறக்குறைய அனைவரும் கடைத் தோட்டாவை விலக்கித் தத்தம் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொண்டவர்கள் என்பதும் சரித்திரம் கூறும் உண்மைகள். அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும் வசதி இல்லாத இடத்தில், ஒவ்வொரு குண்டையும் தனியே கவனிக்கும் அவகாசம் தானே வந்து வாய்க்கிறது. அந்த அவகாசத்தை எதில் செலவிட்டால் இலக்கில் பலன் தெரியும் என்பதே இக்கட்டுரை ஆராயப்புகும் விஷயம்.

கைநிரப்பில் செம்மை எங்கிருந்து வருகிறதென்று கேட்டால், மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போடுவதிலிருந்து வருகிறதென்று பலர் தயங்காமல் விடை கூறுவர். தராசின் முள் நேராக நிற்பதைக் கண்டவுடன் மனத்தில் ஒரு திருப்தி உண்டாகிறதாகையால், அவ்விடை செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. ஆனால் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக் காலச் சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கையில், மருந்தின் எடைக்கு இரண்டாம் இடமே உரியதென்றும், குண்டு எத்துணைக் கோணலின்றி, எத்துணைப் பழுதற்ற அடிப்பாகத்தோடு குழலின் மரைக்குள் நுழைகிறதென்பதே முதலிடம் பெறத் தக்கதென்றும் எனக்குத் தோன்றுகிறது.

1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டிலுள்ள கிரீட்மூர் மைதானத்தில், அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜ தூரங்களில் போட்டியிட்டன. முந்திய ஆண்டில் எல்கோ கேடயத்தை வென்றிருந்த அயர்லாந்தார், மருந்தையும் குண்டையும் முன்வாய் வழியே செலுத்தும் ரிக்பி ரைபிள்களோடு வந்திருந்தனர். அமெரிக்கர் கையிலிருந்தவை பின்வாயில் தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்கள். அணிக்கு அறுவர், அடையக்கூடிய புள்ளிகள் மொத்தம் 1080. அமெரிக்கர் 934 எடுத்தனர்; அயர்லாந்தார் 931 எடுத்துத் தோற்றனர். பின்வாய் ரைபிளுக்கு ஏற்பட்ட தீர்மானமான வெற்றியாக இது அந்நாளில் கொண்டாடப்பட்டது. இன்றும் அவ்வாறே எழுதப்படுகிறது. ஆனால் அயர்லாந்து வீரர் ஒருவர் தம் குண்டைப் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில் செலுத்திவிட்டமையால் அவருக்கு நான்கு புள்ளிகள் கிட்டாமற்போயின. அவை கிட்டியிருந்தால் முடிவு 935-க்கு 934 என்று தலைகீழாகியிருக்கும். ஆகவே அன்று நிரூபணமானது, புதிய முறை பழைய முறையை எட்டிப் பிடித்துவிட்டது என்பது மட்டுமே, விஞ்சிவிட்டது என்பதன்று.

பழைய முறைக்கு அத்தகைய வலிமை எப்படி வந்தது என்பதில்தான் நம் ஆராய்ச்சியின் திறவுகோல் இருக்கிறது. முன்வாய் வழியே நிரப்புவோரை நெடுங்காலம் வாட்டிய தொல்லை, குண்டை உள்ளே தள்ளும்போது அது சற்றே சாய்ந்துவிடுவதும், குழலின் விளிம்பு தேய்வதுமே. மாசாசுஸெட்ஸைச் சேர்ந்த ஆல்வன் கிளார்க் என்பவர் இதற்குப் பரிகாரமாகப் பொய்வாய் ஒன்றை அமைத்து 1840-இல் உரிமைச் சாசனம் பெற்றார். குழலின் நுனியிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுத்து, முளைகளால் மீண்டும் அதே இடத்தில் பொருத்திய பின்னரே இரண்டுக்கும் சேர்த்து மரை வெட்டுவது அவர் முறை. இதனால் துண்டின் மரையும் குழலின் மரையும் இம்மியும் பிசகாமல் ஒன்றையொன்று தொடரும். நிரப்பும்போது துண்டை மாட்டிக் குண்டை நேராக உள்ளே செலுத்தி, சுடுமுன் கழற்றிவிட வேண்டும். மறந்து சுட்டுவிடாதபடி குறிநோக்கை மறைத்து நிற்கும் ஒரு முளையையும் அதில் வைப்பது வழக்கமாயிற்று. பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற தூரதரிசினிக் கண்ணாடிகளைத் தேய்த்த கிளார்க்கும் இவரே. மையம் பிசகினால் பிம்பம் கெடும் என்பதை அறிந்த கண்ணுக்கே இந்த யுக்தியும் தோன்றியது என்று எண்ணுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இவ்விரு முறைகளின் நலன்களையும் ஒன்றுசேர்த்தவர் ஹாரி போப். 1861-இல் பிறந்து 1950-இல் மறைந்த இவர் மாசாசுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற எஞ்ஜினீயர். குண்டைப் பொய்வாயின் வழியே முன்புறமிருந்து குழலின் அடிவரை தள்ளி நிறுத்திவிட்டு, மருந்து நிரப்பிய பித்தளைக் கூட்டைப் பின்வாய் வழியே இடும்படி தம் குழல்களை அவர் அமைத்தார். எட்டு மரைப்பள்ளங்கள், இடப்புறமாகச் சுற்றும் புரி, முன்வாயை நெருங்க நெருங்க விரைவடையும் சுழற்சி ஆகியவை அவர் குழலின் அடையாளங்கள். கலிபோர்னியாவுக்குச் சென்று சான் பிரான்ஸிஸ்கோவில் பட்டறை திறந்த சில நாட்களுக்குள்ளேயே 1906-ஆம் வருஷத்துப் பூகம்பமும் தீயும் அதை அழித்துவிட்டன என்பதும், அதன்பின் ஜெர்ஸி ஸிட்டியில் நெடுங்காலம் உழைத்தார் என்பதும் அவர் வாழ்க்கையின் வேறு பகுதி.

போப் குழல் பூட்டிய பல்லார்ட் ரைபிளைக் கொண்டு கொலராடோவைச் சேர்ந்த சி. டபிள்யூ. ரோலண்டு என்பவர் 1901-ஆம் ஆண்டு மே மாதத்தில் 200 கஜ தூரத்தில் ரைபிளைத் தாங்குமேடையில் வைத்துப் பத்துக் குண்டுகளைச் சுட்டார். அவற்றின் துளைக்கூட்டம் 0.725 அங்குலம் என்று அளக்கப்பட்டது. ரைபிள் .32-40 காலிபர், அதாவது 0.32 அங்குலக் குழலும், 40 கிரெயின் கருமருந்து கொள்ளும் கூடும் உடையது. குண்டு, அச்சில் வார்த்த வெறும் ஈயக் கலவை. இந்த எண் நெடுங்காலம் ஒரு கொடுமுடிபோல் நின்றது.

இத்தகையவர்கள் பழகிய களம், ஜெர்மானியக் குடியேறிகள் அமெரிக்காவில் அமைத்த ஷுட்ஸன் சங்கங்கள். அங்கே நின்றபடி கையால் ஏந்திச் சுடுவதே பிரதான வழக்கம். பந்தயம் முழுவதையும் ஒரே ஒரு பித்தளைக் கூட்டைக் கொண்டு முடிப்பவர்கள் அங்கே பலர் இருந்தனர்: சுட்ட கூட்டை வெளியே எடுத்து, எரிந்த பிரைமரைத் தட்டிவிட்டு, புதியதைப் பொருத்தி, மருந்திட்டு, ஒரு மெல்லிய அட்டைவில்லையால் மூடி, கூட்டில் கீறிவைத்த அடையாளம் எப்போதும் மேற்புறம் நிற்கும்படி மறுபடியும் அதே அறையில் இடுவர். ஒரே கூடு, ஒரே அறை, ஒரே திசை என்னும்போது கூட்டுக்குக் கூடு நேரும் வேற்றுமை என்ற பேச்சுக்கே இடமில்லாமற்போகிறது. நூறு கூடுகளைத் தேடித் தேடி எடை பார்த்துத் தரம் பிரிக்கும் இன்றைய பிரயாசையை நினைத்தால், அந்த எளிய தந்திரத்தின் மேன்மை விளங்கும். முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மானியர்மீது எழுந்த வெறுப்பில் இச்சங்கங்கள் நலிந்தன. அவற்றோடு இந்த வித்தையும் ஒரு தலைமுறைக் காலம் மறைவுண்டு கிடந்தது. 1948-இல் அமெரிக்க ஒற்றைத் தோட்டா ரைபிள் சங்கம் தோன்றியபின் அதற்கு மறுபடியும் ஆதரவு ஏற்பட்டது.

போப்பின் நண்பரும், மருத்துவம் படித்தவருமான பிராங்க்ளின் மான் இத்துறையில் செய்த பணி வேறு வகையானது. போப் சிறந்த குழல்களைச் செய்தார். மான், குண்டு ஏன் வழி தவறுகிறது என்று கேட்டார். மாசாசுஸெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் வாழ்ந்த அவர், மனிதக் கையின் நடுக்கம் கணக்கில் புகாதபடி, அசையாத கனத்த பீடம் ஒன்றில் குழலைக் கிடத்திச் சுட்டார். குண்டு செல்லும் வழி நெடுகக் காகிதத் திரைகளை நிறுத்தி, ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையின் வடிவத்தைக் கொண்டு அது நேராகப் பறந்ததா, சாய்ந்து பறந்ததா என்று கண்டறிந்தார். பல ஆண்டுகள் செய்த இப்பரிசோதனைகளை 1909-இல் பெரிய நூலாக வெளியிட்டார்.

அவற்றுள் நமக்கு முக்கியமானது, வேண்டுமென்றே சிதைத்த குண்டுகளைக் கொண்டு செய்த பரிசோதனை. சில குண்டுகளின் மூக்கை வெட்டியும் நசுக்கியும் கெடுத்தார். வேறு சிலவற்றின் அடிப்பாக விளிம்பில் சிறிது செதுக்கினார். மூக்கு சிதைந்தவை எதிர்பார்த்த அளவு வழி தவறவில்லை. அடி சிதைந்தவையோ இலக்கில் வெகுதூரம் சிதறின. காரணத்தை ஆராய்ந்தால் இது நியாயமே. குண்டு குழலைவிட்டு வெளியேறும் கணத்தில், அதன் பின்னால் அடைபட்டிருந்த வாயு முன்வாயின் விளிம்பைச் சுற்றிப் பீறிடுகிறது. அடிவிளிம்பு சீராக இருந்தால் வாயு எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் விடுபடும். ஓரிடத்தில் குறைந்திருந்தால் அப்பக்கமாக முந்திப் பாய்ந்து, குண்டின் வாலை மறுபக்கம் தள்ளிவிடும். எடைமையம் சுழற்சி அச்சில் அமையாத குண்டும் இவ்வாறே துன்புறுகிறது: குழலுக்குள் இருக்கும்வரை அதைக் குழல் அடக்கி வைக்கிறது, வெளிப்பட்டவுடன், ஒருபுறம் ஈயம் அதிகமாக ஒட்டிய பம்பரம்போலத் தலையாட்டத் தொடங்குகிறது. மூக்கு நுனியின் அழகைப் பார்த்துக் குண்டைத் தேர்ந்தெடுப்பவன், முகத்தைத் தீட்டி முதுகைக் கவனியாமல் விடுகிறான்.

இந்த உண்மையைத் தெளிந்த பின்னர், வார்ப்பு வேலையின் நுட்பங்களுக்கு ஒரு கிரமம் கிடைக்கிறது. போப் தம் அச்சுகளில் ஈயத்தை மூக்குப் பக்கமாக ஊற்றும்படி வழி வைத்தார். ஊற்றுவாயை வெட்டும்போது ஏற்படும் காயம் மூக்கோடு போய், அடிப்பாகம் தட்டையாகவும் கூர்விளிம்போடும் வார்ந்துவரும் என்பதே அதன் கருத்து. அடிப்பக்கமாக ஊற்றும் சாதாரண அச்சானால், வெட்டுத் தகடு சூடாகவும் சமமாகவும் இருக்கவேண்டும். ஈயம் முற்றும் இறுகுமுன் வெட்டினால் அடியில் பள்ளம் விழும். தூய ஈயம் மிக மிருது. அதனுடன் சிறிது வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைகள் நன்றாக நிரம்பும், குண்டும் உறுதிப்படும். அதிகம் சேர்த்தால், மென்மையான கருமருந்து வாயுவின் உதையால் சற்றே பருத்துக் குழலை இறுக அடைக்கும் திறனைக் குண்டு இழந்துவிடும். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு என்பதை ஒட்டிய விகிதங்கள் பழையோருக்கு உகந்தவை. உள்ளே காற்றுக்குமிழி தங்கிய குண்டை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. எடை குறைவதே அதைக் காட்டிக்கொடுக்கும். தராசுக்கு இத்துறையில் உண்மையான உத்தியோகம் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

நன்றாக வார்த்த குண்டைக் கோணலாக மரைக்குள் தள்ளினால் வார்த்த சிரமம் வீண். கூட்டின் வாயில் செருகிய குண்டு, கூட்டின் கழுத்துச் சுவர் ஒருபுறம் தடித்திருந்தாலும், கூடு அறைக்குள் சற்றுத் தாழ்ந்து கிடந்தாலும், சாய்ந்தே புறப்படுகிறது. எனவே, பொய்வாய் இல்லாத ரைபிள் உடையவர்கள், ஒரு நெம்புகோற் கருவியால் குண்டைப் பின்வாய் வழியே நேராக மரைக்குள் அழுத்திவிட்டு, அதன் பின்னால் மருந்துக் கூட்டைத் தனியே இடும் முறையைக் கைக்கொண்டனர். வார்த்த குண்டுப் பந்தயங்களில் இது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பின்வாய்க் கட்டி செங்குத்தாகக் கீழிறங்கி அறையைத் திறந்து காட்டும் ஒற்றைத் தோட்டா ரைபிளில் இதற்கு வசதி அதிகம்; தோட்டாப் பெட்டியிலிருந்து தோட்டாவை முன்தள்ளும் ரைபிளில் இதை எண்ணிப் பார்ப்பதும் இயலாது.

இனி மருந்து. பழையோர் அதைப் பெரும்பாலும் கொள்ளளவால் அளந்தார்கள். சீரான கையசைவோடு அளவைக்கருவியை இயக்கி, நீண்ட குழாய் வழியாக மருந்தைக் கூட்டில் சொரிந்து, துகள்கள் நெருங்கிப் படியச் செய்தார்கள். கருமருந்துக்கு அடியில் சிறிது புகையற்ற மருந்தை இட்டுக் குழலில் படியும் கரியைக் குறைத்தவர்களும் உண்டு. இம்முறையில் நேரும் வேற்றுமை எவ்வளவு தீங்கு செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 1400 அடி வேகத்தில் புறப்படும் ஈயக் குண்டு, 200 கஜத்தை அடையுமுன் 40 அங்குலத்துக்கு மேல் கீழே விழுகிறது; வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் வீழ்ச்சி ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கு அதிகமாகும்; அதாவது முக்கால் அங்குலத்துக்குக் குறையாத வேற்றுமை. ரோலண்டின் பத்துக் குண்டுகளும் 0.725 அங்குலத்துக்குள் அடங்கினவென்றால், அவற்றின் வேகங்கள் ஒன்றுக்கொன்று நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டிருக்க முடியாது என்றே பெரும்பாலும் கொள்ளவேண்டும். மாறாக, நொடிக்கு 3000 அடி வேகத்தில் செல்லும் இக்காலத்துக் குண்டு 100 கஜத்தில் இரண்டு அங்குலமே வீழ்கிறது. அங்கே அதே ஒரு சதவீத வேற்றுமை, அங்குலத்தில் நூற்றில் நான்கு பங்கைத் தாண்டாது. 100 கஜத்தில் பழகுபவன் மருந்தின் எடைக்காக இரவெல்லாம் விழித்திருப்பது வீண் சிரத்தை. 1000 கஜத்தில் சுடுபவன் அதை அலட்சியம் செய்ய முடியாது.

வேகம் ஒத்திருப்பதற்கு எடை ஒத்திருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். கருமருந்துக்கென்று அமைந்த பெரிய கூட்டில் சிறிதளவு புகையற்ற மருந்தை இட்டால் பாதிக்கு மேல் வெற்றிடம் நிற்கும். ரைபிளைத் தாழ்த்தி உயர்த்தினால் மருந்து முன்னும் பின்னும் சரிந்து, பற்றும் விதம் மாறி, வேகமும் மாறும். ஒவ்வொரு முறையும் குழலை மேல்நோக்கித் தூக்கி, மருந்தைப் பிரைமர் பக்கம் சேர்த்தபின் குறிபார்ப்பது ஒரு பரிகாரம். வெற்றிடத்தைப் பஞ்சாலோ அடைப்புவில்லையாலோ நிரப்புவது இன்னொன்று. ஆனால் இதனால் அறைச்சுவரில் வளையம்போலப் பள்ளம் விழுந்து விலைமதிப்பற்ற குழல்கள் பல கெட்டிருக்கின்றன. பழைய ரைபிளின் எஃகு இக்காலத்து மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று ஊகிப்பதைவிட அபாயமான ஊகம் இத்துறையில் இல்லை. அச்சிட்ட அட்டவணையின் தாழ்ந்த அளவிலிருந்து தொடங்குவதும், அதன் மேலெல்லையைத் தாண்டாமலிருப்பதும் செம்மைக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் கைக்கும் வேண்டிய விதி.

உறையிட்ட குண்டும் புகையற்ற மருந்தும் பரவியபின், கவனம் பித்தளைக் கூட்டின்மேல் திரும்பியது. 1947-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜான்ஸ்டவுனில் மேசைமீது ரைபிளை வைத்துச் சுடும் பந்தயக்காரர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். அவர்கள் கையாண்டவை ஆணிப்பூட்டு ரைபிள்களாயினும், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இடுகிற ஒற்றைத் தோட்டா ரைபிள்களே. கழுத்துச் சுவரைக் கடைந்து ஒரே தடிப்பாக்குவது, குண்டின் தோளுக்கும் மரையின் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆயிரத்திலொரு பங்கு அங்குலக் கணக்கில் மாற்றிப் பார்ப்பது முதலான அவர்களுடைய முயற்சிகள் அனைத்தும், உற்று நோக்கினால், போப் பொய்வாயால் சாதித்ததை வேறு வழியால் சாதிக்கும் முயற்சிகளே. 1975-இல் லூயி பால்மிஸானோவும் பெரிஸ் பிண்டெல்லும் உருவாக்கிய பி.பி.சி. தோட்டாவின் குட்டையான பருத்த கூடு, மருந்து ஒரே விதமாகப் பற்ற உதவுகிறதென்பர். அதற்கு வாய்த்த சிறந்த குழல்களுக்கும் குண்டுகளுக்கும் அதன் புகழில் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

செங்குத்துக் கட்டி ரைபிளை உடையவர் இவர்களைப் பின்பற்றும்போது ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. ஆணிப்பூட்டுக்குக் கூட்டைத் திருகி அழுத்தி உள்ளே செலுத்தவும் பிடுங்கவும் வலிமை உண்டு. இறங்கும் கட்டிக்கு அவ்வலிமை மிகக் குறைவு. கழுத்தை மட்டும் சுருக்கி, உடலை அறையின் வடிவத்திலேயே விட்டுவைக்கும் வழக்கம் சில முறைகளுக்குப் பின் கூடு சிக்கிக்கொள்ள இடம்கொடுக்கும். ஆகவே உடலையும் மிகச் சிறிதளவு சுருக்குவதே விவேகம். விளிம்புள்ள கூடானால், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் விளிம்பின் தடிப்பை நம்பாமல், தோளே அறைச்சுவரில் தாங்கும்படி சுருக்கும் அளவை அமைத்துக்கொள்வது நல்லது. தோட்டாப் பெட்டியின் நீளத்துக்குக் கட்டுப்பட வேண்டாமாகையால் குண்டை வேண்டிய அளவு வெளியே நிறுத்தலாம் என்பது ஒற்றைத் தோட்டாவுக்கே உரிய பாக்கியம். மரையைத் தொட்டு நிற்கும் உறையிட்ட குண்டு அழுத்தத்தை உயர்த்தும் என்பதை மட்டும் நினைவில் வைத்து மருந்தைக் குறைக்கவேண்டும். பிரைமரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒரே வகையை, ஒரே ஆழத்தில், குழியின் அடியில் நன்றாக அமரும்படி பொருத்தினால் போதும்.

இவற்றுள் எது பலனளித்தது என்று தீர்மானிப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்று குண்டுகளைச் சுட்டு, மூன்றும் நெருங்கி விழுந்தால் அந்த நிரப்பை உத்தமமென்று குறித்துக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. சிதறல் முற்றிலும் தற்செயலானதென்று கொண்டால், ஒரே நிரப்பைப் பத்துமுறை சுட்டுக் கிடைக்கும் கூட்டத்தின் அகலம், மூன்றுமுறை சுட்டுக் கிடைப்பதைவிடச் சராசரியாகச் சுமார் 1.6 மடங்கு பெரிதாகவே இருக்கும் என்பது கணிதம். மேலும் மூன்று குண்டுக் கூட்டங்கள் தமக்குள்ளேயே பெரிதும் ஏறியிறங்கும். அத்தகைய சீட்டுக்குலுக்கலில் வென்ற நிரப்பு அடுத்த வாரம் தோற்பதில் ஆச்சரியமில்லை. மருந்தைப் படிப்படியாக உயர்த்திச் சுட்டு, துளைகள் ஒரே உயரத்தில் நெருங்கும் படியைத் தேடும் கிரைட்டன் ஆடெட்டின் ஏணிமுறை, குழலின் அதிர்வைக் கணக்கில் கொள்வதால் புத்திசாலித்தனமானது. எனினும் ஒவ்வொரு படிக்கும் ஒரே குண்டு என்று நின்றுவிட்டால் அதுவும் இந்தக் குறையிலிருந்து தப்பாது.

கைநிரப்பால் தீராத நோய் ஒன்றும் உண்டு. இறங்கும் கட்டி ரைபிளின் மரம் இரு துண்டாக அமைந்திருக்கிறது: பின்கட்டை பூட்டிலும், முன்கட்டை பெரும்பாலும் குழலிலோ பூட்டிலிருந்து முன்னே நீளும் ஓர் இரும்புக் கைமீதோ தொங்குகிறது. 1967-இல் ரூகர் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் எண் ரைபிள் இந்த இரண்டாம் வகை. மரம் ஈரத்தால் ஊதினாலும், குழல் சூட்டால் நீண்டாலும், முன்கட்டை குழலை அழுத்தும் அளவு மாறி, குண்டுகள் மெல்ல மெல்ல மேலோ பக்கமோ நகர்கின்றன. அவ்வேளையில் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் திண்டாடுபவர் அநேகர். முன்கட்டையை முற்றிலும் குழலைத் தொடாதபடி செதுக்குவதா, இரும்புக் கையின் நுனியில் ஒரு திருகாணி அமைத்துக் குழலை ஒரே அளவாக மேல்நோக்கி அழுத்துவதா என்பதில் அனுபவசாலிகள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. ஒரு ரைபிளில் குணம் காட்டியது அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றில் தோஷமாக முடிகிறது. திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பிப் பத்துக் குண்டு சுடுவதும், மறுபடியும் அரைச்சுற்றுத் திருப்பி இன்னும் பத்துச் சுடுவதுமாக, அந்தந்த ரைபிளின் சுபாவத்தை அதனிடமே கேட்டறிவதைத் தவிர இதற்கு வேறு மார்க்கம் ஏற்படவில்லை.